மூச்சு வாங்காத முத்தையா தாத்தா

ஆளைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டு "நலம்" என்று எழுதுகிற வேலை இருக்கிறதே, அதைச் செய்தவர்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நேரம். டவுன் இருதய கிளினிக்கில் தமிழ் பேச ஆள் தேவை என்றார்கள். போனேன். வயதானவர்களுக்கு இருதயத்தின் பெரிய வால்வு சுண்ணாம்பு பிடித்த பைப் மாதிரி இறுகிப்போகுமாம். நெஞ்சைத் திறக்காமல், தொடை இரத்த நாளம் வழியாக ஒரு குழாயை விட்டு, புது வால்வைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார்கள். கொழும்பில் அது முடிந்து வீட்டுக்கு வந்தவர்களை வாரா வாரம் ஃபோனில் விசாரித்து, ஒரு தாளில் கட்டம் கட்டமாகச் சரி போடுவதுதான் என் உத்தியோகம். எனக்கிருந்த தகுதி? எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே பேசிக் காட்டுவேன். அதிபர் குரலில் ஒலிபெருக்கியில் பேசி, பள்ளிக்கூடத்தையே ஒரு பாடம் முன்னாடி வீட்டுக்கு அனுப்பியவள் நான். இதைக் கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சமதரை

தாளில் முதல் கேள்வி: "சமதரையில் நடக்கும்போது மூச்சு வாங்குகிறதா?" முதல் ஆள், லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து முத்தையா தாத்தா. எழுபத்துநாலு வயது. வால்வு வைத்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நான் கேள்வியைச் செய்தி வாசிப்பவர் குரலில் வாசித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று மூன்று தடவை ஹலோ சொன்னேன். அவர் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"சமதரையா? எங்க தோட்டத்துல அது ரெண்டு எடத்துலதான் இருக்கு புள்ள. ஒண்ணு கொழுந்து நிறுக்கிற மடுவம், இன்னொண்ணு தொரை பங்களா புல்லு. ரெண்டுலயும் என்னைய நடக்க விடமாட்டாங்களே!"

கட்டம் இல்லாத பதில்

அந்தச் சமதரைப் பதிலையே அவர் பல தவணையாகத்தான் சொன்னார். இரண்டு சொல், ஒரு இரைப்பு. இரண்டு சொல், ஒரு இரைப்பு. தொடங்கும் முன்னால் "ஹும்" என்று ஒரு செருமல். நான் பயந்துபோய் "கடுமையான மூச்சு வாங்கல்" என்ற கட்டத்தில் சரி போட்டேன். தாளைப் பார்த்த தாதி குமாரி மிஸ்ஸி முகம் வெளுத்து ஃபோனைப் பிடுங்கினார். அவருக்குத் தமிழ் அரைகுறை. தாத்தாவுக்குச் சிங்களம் அரைகுறை. இரண்டு அரையும் சேர்ந்து ஒன்றாகவில்லை. மறுபடியும் நானே கேட்டேன்.

விஷயம் இதுதான். அவர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் கிடையாது. பின்னால் படிக்கட்டில் ஏறிப்போனால் மேட்டில் ஒரு பெரிய கல் இருக்கிறது. தோட்டமே அதைச் சிக்னல் கல் என்கிறது. வியாழக்கிழமை பத்து மணிக்கு நாங்கள் அழைப்போம் என்று சொல்லியிருந்ததால், மனிதர் அத்தனை படியும் ஏறிக் கல்லின்மேல் நின்று பேசுகிறார். வால்வு வைப்பதற்கு முன்னால் தண்ணீர் பிடிக்கிற பைப்படி வரைக்கும்கூட நடக்க முடியாமல் எட்டாவது படியில் உட்கார்ந்துவிடுகிற ஆளாம். ஆக, இப்போது வாங்குகிற மூச்சு நல்ல மூச்சா, கெட்ட மூச்சா? மிஸ்ஸி தாளை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். அவருக்கு நான் நங்கி, சிங்களத்தில் தங்கச்சி.

"அனே நங்கி, மூச்சும் வாங்குது, ஆளும் நல்லம். இதுக்குக் கட்டம் இல்லையே!"

கண்டாக்கையா பேசுகிறார்

மூன்றாவது வியாழன் எனக்குக் கை அரித்தது, அதாவது தொண்டை அரித்தது. தாத்தா ஃபோனை எடுத்ததும், கொழுந்து மலையில் நின்று ஆட்களை மேய்த்துக் கத்துகிற கண்டாக்கையா குரலில், "முத்தையா! காலைப் பெரட்டுல பேர் கூப்பிட்டப்ப ஏன் வரல? தடிமாடு!" என்று போட்டேன். வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆன மனுஷன், "இந்தா வாறேங்க ஐயா! புது வால்வு போட்டிருக்கு, ஓடியே வாறேன்" என்றார். நான் மேசைக்கடியில் விழுந்து சிரித்தேன்.

சிரித்து முடியட்டும் என்று அவர் காத்திருந்தார். பிறகு தங்கச்சியைப் பற்றிச் சொன்னார். பேச்சியம்மா, அதே லயத்தில் கடைசி வீடு. அவருக்கும் அதே வால்வு அதே மாதிரி இறுகிக் கிடக்கிறது. கொழும்பில் நாள் குறித்துவிட்டார்கள், ஆனால் போக மாட்டேன் என்று அடம். "என்னையப் பாத்துத்தான் இப்பக் கொஞ்சம் தைரியமா இருக்கா. நான் இந்தக் கல்லு மேல ஏறுறதக் கீழ நின்னு பாப்பா. அதுக்காகவே ஏறுறேன்." ஃபோனை வைக்கப்போகும்போது எனக்கும் ஒரு பாடம் வைத்தார்.

"கண்டாக்கையா திட்டிட்டுத்தான் பேரச் சொல்லுவாரு. நீ பேரச் சொல்லிட்டுத் திட்டுற. இன்னும் கொஞ்சம் பழகு புள்ள."

நூற்றுக்கு நூறு

ஐந்தாவது வியாழன். தாத்தா குரல் கணீரென்று வந்தது. "நல்லா இருக்கேன் புள்ள. மூச்சு வாங்கல. தலை சுத்தல. மயக்கம் இல்ல. ஒண்ணும் இல்ல. ஹும்." தலை சுற்றுகிறதா என்று நான் இன்னும் கேட்கவே இல்லை. கேள்வி மனப்பாடம் ஆகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். அத்தனை நல்ல கட்டத்திலும் சரி விழுந்தது. ஒரு இரைப்புக்கூட இல்லாமல் பேசிய முதல் ஆள் எங்கள் ஆள்தான். மிஸ்ஸிக்கு வாயெல்லாம் பல்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்! இவரைப் போட்டோ எடுத்து சுவர்ல மாட்டணும் நங்கி!"

வராத குரல்

அந்தச் சந்தோஷத்தில் மிஸ்ஸி பணிஸும் பிளேன்டீயும் வாங்கி வந்து, "எங்க, முத்தையா மாதிரிப் பேசு" என்றார். பேசினேன். இரண்டு சொல், ஒரு இரைப்பு. மிஸ்ஸி சிரித்துவிட்டு, "அது பழைய முத்தையா. இன்னைக்கு முத்தையா பேசு" என்றார். முயற்சி செய்தேன். வரவில்லை. இன்னொரு தடவை. வரவில்லை. எனக்கு வராத குரல் உண்டா? குழம்பிப்போனேன். தாத்தா பேச ஆரம்பிக்கும் முன்னால் செருமுவார். இன்று பேசி முடிக்கிற இடத்தில் செருமல் வந்தது. சரி, அது போகட்டும். கல் அதே கல். படி அதே படி. லயத்தில் சிக்னல் முளைத்திருக்காது. அப்படியானால் மூச்சு வாங்காமல் ஏறி நின்று பேசியது யார்?

நான் சத்தமாகத்தான் கேட்டிருக்கிறேன். மிஸ்ஸி கடித்த பணிஸை அப்படியே வைத்துவிட்டுத் தோட்டத்து டிஸ்பென்சரி லேண்ட் லைனுக்கு அடித்தார். அங்கிருந்த மருந்தையா லயத்துக்கு ஓடினார். ஒரு மணி நேரத்தில் செய்தி வந்தது: தாத்தா நாலு நாளாகப் படுக்கை, எழுந்தால் கண் இருட்டி விழுகிறார், நாடி நாற்பதுகூட இல்லை, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. காலையில் பேசியது மகன் செல்வம். குடும்பக் குரல். எத்தனையோ பேரை ஏமாற்றிய என்னையே ஒருத்தர் ஏமாற்றிவிட்டார், அதுவும் தாளின் ஒன்பது கட்டத்திலும் சரி போட வைத்து. மருந்தையாவோடு டிஸ்பென்சரிக்கு ஓடி வந்திருந்த செல்வம், என்னிடம் பேச வேண்டும் என்று கேட்டு ஃபோனை வாங்கினார். இந்த முறை அவருக்கு உண்மையாகவே மூச்சு வாங்கியது.

"அப்பாதான் பேசச் சொன்னாரு தங்கச்சி. அத்தைக்கு வாற வாரம் வால்வு. அவங்ககிட்ட அப்பாவுக்கு வெறும் சளின்னுதான் சொல்லியிருக்கோம். அண்ணனுக்குத் தலை சுத்துதுன்னு கேட்டா அவ வாசப்படியே எறங்கமாட்டான்னாரு."

பேட்டரி

கண்டிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் நான் யார் குரலிலும் பேசவில்லை. வால்வு நன்றாகத்தான் உட்கார்ந்திருந்ததாம். அதற்குப் பக்கத்தில்தான் இருதயத்தைத் துடிக்க வைக்கிற கரண்டு வயர் போகிறதாம். சில பேருக்கு வால்வு அதை அழுத்திவிட்டால், பல நாள் கழித்துக்கூட நாடி இறங்குமாம். மிஸ்ஸி படம் வரைந்து காட்டினார். சனிக்கிழமை தோள் எலும்புக்குக் கீழே ஒரு சின்னப் பேட்டரி வைத்தார்கள். ஞாயிறு காலை எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டாராம்.

திங்கட்கிழமை அடுத்த தலைவலி. அண்ணனை ஆம்புலன்ஸில் ஏற்றியதைப் பார்த்த பேச்சியம்மா, என்ன ஏது என்று யாரும் சொல்லாததால் டிஸ்பென்சரியில் வந்து உட்கார்ந்துகொண்டு, "எங்கண்ணன் குரலக் கேக்காம நான் எங்கயும் போகமாட்டேன்" என்கிறார். தாத்தா வார்டில், ஃபோன் இல்லை. மறுநாள் பேச்சியம்மா கொழும்பில் இருக்க வேண்டும். ஃபோன் என் கையில். தாத்தாவின் குரல் என் தொண்டையில், இரைப்போடு, செருமலோடு தயாராக இருந்தது. ஒரே ஒரு "நல்லா இருக்கேன் தாயி" போதும். மிஸ்ஸி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சொந்தமாக ஒரு குரல் இருக்கிறதா என்று தேடி எடுக்கவே கொஞ்ச நேரம் ஆனது. அது கீச்சென்று இருந்தது. அந்தக் குரலில், அண்ணன் விழுந்ததையும், மகன் பொய் சொன்னதையும், நான் அதை நம்பிச் சரி போட்டதையும், பேட்டரி வைத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். போச்சு, கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு ஒரு நீளமான இரைப்பு கேட்டது.

"அப்ப வால்வு நல்லாத்தான் இருக்கு, பேட்டரிதான் பத்தல. எனக்குப் பேட்டரியும் கையோட எடுத்து வச்சிக்கச் சொல்லு புள்ள, நான் காலையில வெள்ளன பஸ்ஸுக்கு வந்திர்றேன்."

அன்றிலிருந்து யாராவது மூச்சு வாங்காமல் "நல்லா இருக்கேன்" என்று சொன்னால், எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.