ஜெபாவின் காதுக்குக் கேட்டது

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் வரதன் பதினான்கு வருஷமாக ஃபிட்டராக இருக்கிறார். அவருடைய அப்பா கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். ஐ.டி.ஐ. படித்து மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் அந்த வீட்டில் வரதன்தான். ஆலையில் அவருக்கு நல்ல பெயர். ஓடும் மோட்டாரின் பேரிங் மூடியில் ஸ்குரூடிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்பார். "இது இன்னும் பத்து நாளு தாங்கும்" என்பார். பெரும்பாலும் அப்படியே நடக்கும்.

ஆனால் மகள் எதற்கு அழுகிறாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

ஜெபாவுக்கு இரண்டு வயதாகும்வரை பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். காது கேட்கவில்லையோ என்று முதலில் காதைத்தான் சோதித்தார்கள். காது நன்றாக இருந்தது. மூன்றரை வயதில் மருத்துவர் ஆட்டிசம் என்று சொன்னார். வரதனின் மனைவி பிரேமா அந்தச் சொல்லை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வந்து, போனில் தேடித் தேடிப் படித்தார். வரதன் அந்தத் தாளை ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை.

"புள்ளைக்குப் பிடிவாதம். வளந்தா சரியாய்டும்" என்பார். சாப்பாட்டுக்கு உட்கார வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டு ஓடுவாள். புதுச் சட்டை போட்டால் கழற்றி எறிவாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் டிரம் அடிக்கத் தொடங்கியதும் தரையில் விழுந்து புரளுவாள். பின் வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பிரேமா அவளை அள்ளிக்கொண்டு வெளியே போய் உட்காருவார். வரதன் தலையைக் குனிந்தபடி பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஜெபாவை முடி வெட்ட குணாவின் சலூனுக்குக் கூட்டிப்போனார். மெஷின் பின்கழுத்தில் பட்டதும் அவள் அலறினாள். வரதன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவள் அவருடைய மணிக்கட்டைக் கடித்தாள். அவர் கை ஓங்கிக் கன்னத்தில் அறைந்துவிட்டார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். குணா மெஷினை நிறுத்தி மேசையில் வைத்தான்.

"வேணாண்ணா. பாதி வெட்டனது பாதியாவே இருக்கட்டும். இட்னு போ."

பாதி வெட்டிய தலையோடுதான் ஜெபா அந்தக் கிறிஸ்துமஸைக் கழித்தாள். படம் எடுக்கும்போது பிரேமா அவள் தலையில் ஒரு துண்டைச் சுற்றிவிட்டார். அவள் அதையும் பிடுங்கி எறிந்தாள்.

பொங்கல் கழிந்து திருவள்ளூரில் குழந்தைகளுக்கான ஒரு பயிற்சி மையத்துக்குப் போனார்கள். பஸ்ஸில் போனால் ஹார்ன் சத்தத்தில் அழுவாள் என்று நினைத்து ரயில் ஏறினார்கள். பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாற வேண்டும். செவ்வாப்பேட்டை தாண்டியபோது, ஓடுகிற பெட்டியின் தரையில் முதுகை ஒட்டிப் படுத்து ஜெபா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பெட்டியில் இருந்தவர்கள் பார்ப்பது வரதனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் எழுப்ப மனம் வரவில்லை.

மையத்தில் சுமலதா என்ற தெரப்பிஸ்ட் இருந்தார். ஆரம்பாக்கம் பக்கத்துப் பெண். அவர் ஜெபாவை நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை, கையைப் பிடிக்கவில்லை, பெயரையும் கேட்கவில்லை. அறையில் ஒரு தட்டில் அரிசி, ஒரு தட்டில் ஈர மண், ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரை, மூலையில் துணி ஊஞ்சல், சுவரோரம் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மெத்தை. ஜெபாவை அவள் போக்கில் விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தார். ஜெபா நுனிக்காலில் நடந்தாள். நுரை விரலில் பட்டதும் சுவரில் தேய்த்துத் துடைத்தாள். அரிசியில் முழங்கைவரை கையை விட்டாள். பிறகு இரண்டு மெத்தைக்கும் நடுவே நுழைந்து படுத்துக்கொண்டாள். சுமலதா மேல் மெத்தையை உள்ளங்கையால் மெதுவாக அழுத்தினார். உள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

பிரேமா வரதனைப் பார்த்தார். அந்த மாதிரிச் சிரிப்பை அவர்கள் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

அப்புறம் கேள்விகள். சத்தம், வெளிச்சம், தொடுதல், மணம், ருசி, அசைவு, வலி என்று பகுதி பகுதியாக ஒரு நீண்ட படிவம். ஒவ்வொன்றுக்கும் எப்பவுமே, அடிக்கடி, எப்பவாவது, இல்லவே இல்லை என்று நான்கு கட்டம். பிரேமாதான் பதில் சொன்னார். வரதன் கதவோரம் நின்றிருந்தார்.

"முடி வெட்டும்போது எப்படி இருப்பா?" என்று சுமலதா கேட்டார்.

இதற்கு மட்டும் கதவோரத்திலிருந்து வரதன் பதில் சொன்னார்.

"நான் அடிச்சிட்டேன் மேடம். சலூன்ல வெச்சி. கையக் கடிச்சா, அந்தக் கோவத்துல."

சுமலதா பேனாவைக் கீழே வைத்தார். "அடிச்சப்ப அழுதாளா?"

வரதன் யோசித்தார். இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "இல்ல. மெஷின் சத்தத்துக்குத்தான் அழுதுகினு இருந்தா. அறைஞ்சதுக்கு அழல. குணா மெஷின நிறுத்துனதும் அழுகையும் நின்னுச்சி."

"வேற எப்பனா அடி பட்டு அழாம இருந்திருக்காளா?"

"கால்ல கண்ணாடி குத்தி ரத்தம் வந்துகினே நடந்தா மேடம்" என்றார் பிரேமா. "நம்ம புள்ள தைரியசாலின்னு சொல்லிகினு இருந்தோம்."

"தைரியம் இல்லம்மா. வலி அவளுக்குக் கம்மியாதான் போய்ச் சேருது. சூடு பட்டாலும் சொல்ல மாட்டா. அதனால தெனமும் குளிக்க வைக்கும்போது கை, கால் பாத்துடுங்க. இன்னொரு பக்கம், சில சத்தம் நமக்குக் கேக்கறதவிட அவளுக்குப் பெருசா கேக்குது. ரெண்டும் ஒரே புள்ளைக்குள்ளதான் இருக்கு." சுமலதா வரதன் பக்கம் திரும்பினார். "ஜெபா அப்பா, இனிமே அடிக்காதீங்க. அடி அவளுக்கு எதையும் சொல்லித் தராது."

வரதன் தலையாட்டினார். வெளியே போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வர அவருக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று.

கிளம்பும்போது சுமலதா ஏழு நாளைக்கான ஒரு தாளைக் கொடுத்தார். "இங்க ஒரு மணி நேரம் பாத்தது பாதிதான். மீதி உங்க வீட்ல இருக்கு. அவ அழுதா, ஓடுனா, அதுக்கு முன்னாடி இன்னா நடந்துச்சின்னு எழுதுங்க. எந்த எடம், இன்னா சத்தம், இன்னா வாசன, இன்னா துணி, எதால அடங்குனா. பிடிவாதம்னு மட்டும் எழுதாதீங்க. கண்ணால பாத்தது, காதால கேட்டது, அவ்ளோதான்."

அந்த வாரம் வரதனுக்கு இரண்டாம் ஷிப்ட். காலையில் வீட்டில் இருப்பார். முதல் நாள், லாரி ஹார்ன் என்று எழுதினார். மறுநாள் ஜெபா ஜன்னலில் நின்று, கண்டெய்னர் லாரிகள் போவதைச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதியதைக் கோடு போட்டு அடித்தார். மூன்றாம் நாள், சாம்பார் வாசனை என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். பிரேமா அன்று வெறும் தயிர் சாதம் கொடுத்தார், அதற்கும் ஓடினாள். சட்டை விஷயம் மட்டும் சீக்கிரம் பிடிபட்டது. கழுத்துக்குப் பின்னால் தைத்திருந்த கம்பெனிப் பட்டையைப் பிரேமா வெட்டி எடுத்த சட்டை நாள் முழுக்க உடம்பில் இருந்தது.

நான்காம் நாள் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள். பதினொரு மணிக்குப் பிரேமா சமையலறையில் இட்லி ஊட்டினார். வரதன் வாசலில் உட்கார்ந்து சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கொஞ்சம் உள்ள வாங்க. சத்தம் போடாம வாங்க."

ஜெபா சமையலறைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து மூன்றாவது இட்லியைத் தின்றுகொண்டிருந்தாள். அந்த இடத்தில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு அவர்கள் பார்த்ததே இல்லை. வரதன் தாளை எடுத்து, கரண்ட் இல்லை, மூன்று இட்லி என்று எழுதினார்.

இரண்டு மணிக்கு வர வேண்டிய மின்சாரம் ஒன்றரைக்கே வந்துவிட்டது. சமையலறையிலேயே விளையாடிக்கொண்டிருந்த ஜெபா காதைப் பொத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

அவர் சமையலறைக்குள் போய் நின்றார். ஃபிரிட்ஜ், மின்விசிறி, பகலிலும் எரியவிடும் டியூப்லைட். ஒவ்வொன்றாக நிறுத்தினார். ஃபிரிட்ஜை நிறுத்தியபோது ஜெபா அசையவில்லை. விசிறியை நிறுத்தியபோதும் இல்லை. டியூப்லைட்டை நிறுத்தியதும் கையைக் காதிலிருந்து எடுத்தாள். மறுபடி போட்டார். பொத்தினாள். நிறுத்தினார். எடுத்தாள். மூன்றாம் தடவை சுவிட்சுக்குக் கை போனது.

"போதும்" என்றார் பிரேமா. "தெரிஞ்சிடுச்சில்ல. புள்ளைய வெச்சி டெஸ்ட் பண்ணிகினு இருக்காதீங்க."

பிரேமா ஜெபாவை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகு வரதன் ஸ்டூல் போட்டு ஏறினார். விளக்கை எரியவிட்டு, அதன் தகரப் பட்டிக்குள் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் பழைய சோக்கின் மேல் ஸ்குரூடிரைவரை வைத்துக் காதில் அழுத்தினார். விடாத ஒரு ரீங்காரம், நடுநடுவே மணல் தேய்ப்பது போன்ற கரகரப்பு. ஸ்குரூடிரைவரை எடுத்துவிட்டு வெறும் காதால் கேட்டுப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்குக் கீழே உட்கார வைத்துத்தான் அவளுக்குச் சோறு ஊட்டியிருந்தார்கள். ஒரு நாள் அவர் அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்ததும் அதே இடத்தில்தான்.

அன்றைக்கு ஆலைக்கு அரை மணி தாமதமாகப் போனார். சமையலறையில் எல்.இ.டி. விளக்கு மாட்டிவிட்டுத்தான் போனார்.

இரண்டாவது தடவை மையத்துக்குப் போனபோது வரதன் அந்தத் தாளைப் பரீட்சைத் தாள் போலச் சுமலதாவிடம் நீட்டினார். சுமலதா அவர் கோடு போட்டு அடித்த வரிகளையும் சேர்த்துப் படித்தார்.

"நல்லா பாத்திருக்கீங்க" என்றார். "ஆனா ஜெபா அப்பா, லைட்ட மாத்துனதும் எல்லாம் மாறிடும்னு இருக்காதீங்க. ஆட்டிசம் போவாது. அவளுக்குத் தொந்தரவா இருக்கறது கொஞ்சம் கொறையும். தொந்தரவு கொறைஞ்ச எடத்துல அவ கத்துக்குவா."

வரதன் முகம் கொஞ்சம் வாடத்தான் செய்தது. அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். ஆனால் சுமலதா சொன்னதையெல்லாம் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். சாப்பாட்டுக்கு முன் ஜெபாவும் அவருமாகத் தண்ணீர் வாளியைத் தள்ள வேண்டும்; அந்தப் பளு அவள் உடம்பை அமைதிப்படுத்தும். பதற்றம் வந்தால் கனமான போர்வையால் சுற்றி அணைத்துக்கொள்ள வேண்டும். முகத்தை மூடக் கூடாது. மிக்சி போடுவதற்கு முன் அவளிடம் காட்டிவிட்டுப் போட வேண்டும்.

அதற்குப் பிறகும் மோசமான நாட்கள் வந்தன. பக்கத்தில் யாரோ வீடு கட்டத் தொடங்கியபோது, டைல்ஸ் வெட்டும் சத்தத்தில் ஜெபா ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. சொந்தக்காரர் ஒருவர் விசேஷத்துக்கு வந்தபோது, "நாலு போட்டா அடங்கும்" என்றார். வரதன், "நான் போட்டுப் பாத்தவன்தான். அடங்காது. நீங்க சாப்புடுங்க" என்று இலையில் சோறு வைத்தார். ஆலயத்தில் போதகரிடம் அவரே போய்ப் பேசினார். இப்போது முதல் இரண்டு பாட்டுக்கு டிரம் இல்லை. அதற்குப் பிறகு ஜெபாவோடு வெளியே வேப்பமரத்தடியில் உட்காருவது வரதனின் முறை.

ஜூன் மாதம் ஜெபாவைத் தெருமுனையில் இருந்த பால்வாடியில் சேர்த்தார்கள். லோகு டீச்சர், சுமலதா எழுதிக் கொடுத்த குறிப்பைச் சுவரில் ஒட்டிவைத்தார். முதலில் அரை மணி நேரம், அப்புறம் ஒரு மணி நேரம். "தா", "போ", "ஆட்டு" என்று ஆறேழு சொல் வந்திருந்தது. "ஆட்டு" என்றால் ஊஞ்சல்.

ஆகஸ்டில் ஒரு நாள் பட்டப்பகலில் வானம் கறுத்துக் கொட்டியது. பால்வாடிக்குத் தகரக் கூரை. அந்த இரைச்சலை நினைத்ததும் வரதன் குடையைக்கூட விரிக்காமல் ஓடினார்.

ஜெபா அழவில்லை. வாசற்படிக்கு உள்ளே நின்று, தலையைப் பின்னால் சாய்த்துக் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். லோகு டீச்சர் ஒரு கையைத் தூரத்திலேயே நீட்டி, தொடாமல் நின்றிருந்தார்.

"ஏன்னு எனக்கும் தெரில அண்ணா" என்றார். "மத்த புள்ளைங்கதான் பயந்து அழுவுது. இவ மழ வந்ததுலேர்ந்து இப்டித்தான் நின்னுகினு இருக்கா."

சோக்கின் மெல்லிய ரீங்காரம் ஆகாத பெண்ணுக்கு இது எப்படிப் பிடிக்கிறது என்று வரதனுக்கும் விளங்கவில்லை. சுமலதாவிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். இரண்டாம் ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் ஜெபாவின் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, மழை விடும்வரை அவளோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.