கறுத்தக்கொழும்பான் நிறத்தில் ஒரு வீடு

புவனம் ரீச்சர் போய்விட்டார் என்ற செய்தி, அச்சுவேலியில் அவருக்கு அயலில் இருக்கும் எனக்குக் கனடாவில் இருந்துதான் வந்தது. எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரு வெங்காயத் தோட்டம் மட்டுமே. காலையில் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றபோது அவருடைய தமையனார் தொலைபேசி எடுத்தார். "மாஸ்ரர், தங்கச்சி விடிய எழும்பேல்லையாம். மற்றப் பக்கத்து வீட்டுக்காரர் இப்பதான் சொன்னவை. நாங்கள் வெளிக்கிடுறம். மரண அறிவித்தலை நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். வாயில் நுரையோடு "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னேன். அந்த அறிவித்தலுக்காகப் பிறகு அவர் ஒரு வரி சொல்லித் தந்தார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் நினைவு மலருக்கு எழுதச் சொன்னார்கள். ரீச்சரிடம் கணக்குப் படித்தவர்களுக்கும், அவரோடு ஆசிரியர் அறையில் தேத்தண்ணி குடித்தவர்களுக்கும் அவருடைய கண்டிப்பைப் பற்றி நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன்? பக்கத்து வகுப்பில் சித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்த என் காதில் ஒவ்வொரு தவணையும் விழுந்த வாக்கியம் இது: "மற்றவன்ரை விடையைப் பாத்து எழுதாதை. பிழையெண்டாலும் உன்ரை பிழையா இருக்கட்டும்." அந்த வாக்கியத்தை அவர் சுவரிலேயே எழுதிக் காட்டிய கதை ஒன்று எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ரீச்சர் இருந்தது தாய் தகப்பனுடைய, நடுவில் முற்றம் வைத்த பழைய நாற்சார் வீட்டில். தமையன் கனடாவிலும், தம்பி லண்டனிலும், தங்கை பிரான்சிலும். ரீச்சர் கலியாணம் செய்யவில்லை. பெற்றோரைக் கடைசிவரை பார்த்தவர் அவர்தான். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து, உடைந்த ஓடுகளைக் கூட்டி அள்ளிவிட்டு அதே வீட்டில் அடுப்பு மூட்டியவரும் அவர்தான். அவர் ஓய்வு பெற்ற பிறகு நாலு பேரும் சேர்ந்து வீட்டைத் திருத்துவதென்று முடிவாயிற்று. கோயில் திருவிழாவுக்கு எல்லோரும் வந்து அங்கே தங்குவதாகத் திட்டம்.

கூரை மாற்றும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. நிறம் என்று வந்ததும் வந்தது வினை. "அம்மா இருந்த காலத்து நிறந்தான் அடிக்க வேணும்" என்பதில் எல்லோரும் ஒருமனம். அது எந்த நிறம் என்பதில்தான் தகராறு. தமையன் வெள்ளை என்றார், தம்பி இளநீலம் என்றார், தங்கை சத்தியமாக ரோஸ் என்றார். சுவரைச் சுரண்டிப் பார்த்தால் மூன்றும் இருந்தன, ஒன்றின்மேல் ஒன்றாக. தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது தகப்பனார் அந்தந்த வருடம் கையில் கிடைத்ததைச் சுண்ணாம்பில் கலந்திருக்கிறார். ஆளாளுக்குத் தாங்கள் விமானம் ஏறிய வருடத்துச் சுவரையே இத்தனை காலமும் மனதில் வைத்துக்கொண்டு சண்டை பிடித்திருக்கிறார்கள். அத்தனை நிறத்தையும் பார்த்தவர் ரீச்சர் ஒருவர். அவரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

தொலைபேசியில் தமையன் சொன்னது எனக்கும் கேட்டது. "பிள்ளை, நீ வீட்டைப் பாத்துக்கொண்டிரு. நாங்கள் கதைச்சு முடிவெடுத்துச் சொல்லுறம்." பாசத்தோடுதான் சொன்னார். ரீச்சர் தொலைபேசியை வைத்துவிட்டுச் சுரண்டிய சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் என்ன இந்த வீட்டுக்குக் காவல்காரியோ, மாஸ்ரர்?" என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது. அந்த மனுசியின் குரல் உடைந்து நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

நான் சித்திர வாத்தியார் அல்லவா, அறிவுரை சொல்லாமல் இருக்க முடியுமா? மழைக்குச் செம்மண் தெறிக்கும், ஆகவே கீழே காவியும் மேலே வெள்ளையும் அடிக்கலாம் என்றேன். மாதிரி பார்க்க வெளிச்சுவரில் இரண்டையும் பட்டை பட்டையாக, மேலிருந்து கீழாகப் பக்கத்தில் பக்கத்தில் அடித்தோம். பின்னேரம் தெருவால் சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, தலைக்குமேல் கைகூப்பிக் கும்பிட்டார். "பிள்ளை, கொடியேத்தம் எப்ப?" என்று ரீச்சரையே கேட்டார். ரீச்சர் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த தூரிகை விழுந்தது. "மாஸ்ரர், என்னை உயிரோடை அம்மனாக்கிப் போட்டியள். இனி உங்கடை ஆலோசனை வேண்டாம்!"

அடுத்த நாள் பெயின்ற் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் நிறஅட்டைகளை விரித்தார். ரீச்சர் அவற்றைத் தள்ளி வைத்துவிட்டுக் கைப்பையில் இருந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு துண்டு கறுத்தக்கொழும்பான் மாம்பழம். "இந்த நிறம் கலந்து தாங்கோ."

"தோல் நிறமோ, ரீச்சர்?"

"தோலை ஆர் சாப்பிடுறது? உள்ளுக்கு இருக்கிறதைப் பாரும்."

கண்ணைக் குத்தும் என்று நான் முணுமுணுத்தேன். "குத்தட்டும்" என்றார். "அவையள் எல்லாரும் போனபிறகு நான் வைச்ச மரம் இது. இந்தப் பழத்தை அவையள் ஒருத்தரும் திண்டதில்லை. பிழையெண்டாலும் என்ரை பிழையா இருக்கட்டும்." தலைவாசல் சுவருக்கு, பெயின்ற் அடிக்க வந்தவர் வேண்டாம் வேண்டாம் என்று கத்த, மேசைமேல் ஏறி நின்று தன் கையாலேயே முதல் பூச்சு அடித்தார்.

திருவிழாவுக்கு முதலில் வந்து இறங்கியவர் தமையன். அவருடைய வாகனம் வீட்டைத் தாண்டிப் போய்ச் சந்தியில் நின்றது. அங்கிருந்து தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, எங்கடை வீட்டைக் காணேல்லை."

ரீச்சர் படலையைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்து கையை உயர்த்திக் காட்டினார். "என்ரை வீடு இதுதான் அண்ணை. திரும்பி வாங்கோ."

தமையன் இறங்கி வந்து சுவரை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் இருந்தார். ரீச்சர் தட்டில் மாம்பழம் வெட்டி வைத்தார். அவர் ஒரு துண்டை எடுத்தார், சுவரைப் பார்த்தார், கையில் இருந்ததைப் பார்த்தார். "கெட்டிக்காரி" என்றார். அவ்வளவுதான். பிறகு வந்த தம்பியும் தங்கையும் நிறத்தைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. அந்தத் திருவிழா முழுவதும் ரீச்சர் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்த அழகை நான் மறக்கமாட்டேன்.

இனி அந்த வரி. மரண அறிவித்தலை எழுதித் தமையனுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். "இறுதிக்கிரியைகள் குடும்ப இல்லத்தில் நடைபெறும்" என்ற இடத்தில் மறித்தார்.

"அப்பிடி வேண்டாம் மாஸ்ரர். 'அவருடைய மஞ்சள் வீட்டில்' எண்டு போடுங்கோ."

"அறிவித்தலிலை வீட்டு நிறம் போடுற வழக்கம் இல்லையே, ஐயா."

"போடுங்கோ. நானே ஒருக்கால் தாண்டிப் போனனான்." அப்படியே போட்டேன். அன்று வந்த சனத்தில் ஒருவரும் வழி கேட்கவில்லை.

மிஞ்சிய பெயின்றில் ஒரு வாளியை ரீச்சர் எனக்குத் தந்திருந்தார். அதைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு, என் வீட்டு முன்சுவருக்கு எந்த நிறம் அடிப்பதென்று வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டு இருக்கிறேன். ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். இனிக் கேட்கமாட்டேன். வாளியை நேற்றுத் திறந்து பார்த்தேன். மேலே ஆடை படிந்திருக்கிறது, கீழே நிறம் அப்படியே இருக்கிறது. அடிக்கப் போகிறேன், ரீச்சர். பிழையென்றாலும் என் பிழையாக இருக்கட்டும்.