பாலம்மா உடைத்த மதில்

பாலம்மா பதினேழு வயதில் கொங்கிரீட் சட்டி சுமக்கக் கண்டிக்கு வந்தவர். நாற்பதில் சொந்தமாகக் கட்டட வேலைகளைக் கொந்தராத்து எடுக்கத் தொடங்கினார். பெண்ணை நம்பி வீடு கட்டக் கொடுக்கப் பலர் தயங்கினார்கள். கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை வைத்திருந்த பாயிஸ் என்பவர்தான் முதல் பெரிய வேலையைக் கொடுத்தார். அம்பிட்டியவில் சரிவான காணியொன்றை வாங்கி, வாடகைக்கு விட மூன்று வீடுகள் கட்ட நினைத்திருந்தார் அவர்.

மண் சரியாமலிருக்க முதலில் கருங்கல் மதில் எழும்பத் தொடங்கியது. மலைத்தண்ணீர் வடிய அதில் வரிசையாகக் குழாய்கள் வைக்கும்படி மேசன் கறுப்பையாவிடம் சொல்லிவிட்டு, சுகமில்லாத தங்கையைப் பார்க்க பாலம்மா ஹட்டனுக்குப் போனார். இரண்டு வாரங்கழித்துத் திரும்பியபோது மதில் முடிந்து பூசியும் ஆகிவிட்டது. ஒரு குழாய்கூட இல்லை.

"ஓட்டை ஓட்டையா இருந்தா அசிங்கம்னு மொதலாளி வேணாம்னுட்டாரு" என்றார் கறுப்பையா.

"ஒனக்கு வாயில்லையா? எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

பாயிஸை அழைத்தார். "அதெல்லாம் ஒண்டும் ஆகாது" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அந்த வாரமே அடைமழை பிடித்தது. மதில் நடுவில் வயிறு தள்ளி நின்றது. ஓடிவந்த பாயிஸ் வேலையாட்கள் எல்லோர் முன்னாலும் கத்தினார்: "பொம்பளைக்கிட்ட வேல குடுத்தது என்ட பிழ!"

பாலம்மா மதிலுக்குக் கீழேயிருந்த வீட்டுக்காரர்களை முதலில் வெளியேற்றினார். பிறகு கடப்பாரை போன்ற அலவாங்கை எடுத்து, ஓரமாக நின்று மதிலின் அடியில் ஓங்கிக் குத்தினார். கல் பெயர்ந்தது. செந்நிறச் சேற்றுத் தண்ணீர் பீறிட்டு வந்தது.

"பாத்துக்கங்க மொதலாளி! இதத்தான் உள்ள அடைக்கச் சொன்னீங்க. கீழ் வீட்டுல நாலு புள்ளைங்க இருக்கு. எங்கிட்ட கேக்காம என் ஆளுங்ககிட்ட எப்படிச் சொன்னீங்க?"

பாலம்மா ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான்காம் நாள் மஹியாவையில் பாலம்மாவின் வீட்டு வாசலில் பாயிஸ் நின்றார். "பிழ என்டதான். வேலைய முடிச்சித் தாங்க."

"அங்கதானே ஏசுனீங்க? அங்க வந்து, அவங்க முன்னாடி சொல்லுங்க."

மறுநாள் காலை, வேலையாட்கள் முன்னால் பாயிஸ் அதையே சொன்னார். அதன்பின் கிழமைக்கொருமுறை இருவரும் காணியைச் சேர்ந்து சுற்றிப் பார்த்தார்கள். எதை மாற்ற விரும்பினாலும் பாயிஸ் பாலம்மாவிடம்தான் கேட்டார். முடியாதென்றால் ஏன் முடியாதென்று பாலம்மா விளக்கினார். பிதுங்கிய மதிலை முழுதாக இடித்து, குழாய்களோடு மறுபடி எழுப்பினார்கள். வீடுகளும் முடிந்தன. இன்னும் இரண்டு காணிகளில் அவர்கள் சேர்ந்து கட்டினார்கள்.

ஆனால் பாயிஸ் தன் மகளின் கல்யாணத்துக்கு அழைத்தபோது, வேலை இருக்கிறது என்று பாலம்மா போகவில்லை. வேலை ஒன்றும் இருக்கவில்லை.