கையளவு திறந்த கதவு

ஃப்ரிட்ஜ் கதவைக் கை நுழையும் அளவுக்குத்தான் திறப்பார் பு முர்தினி, அதாவது முர்தினி அம்மா. அதற்குமேல் ஒரு விரற்கடை கிடையாது. முகத்தைத் தெருப்பக்கம் வைத்துக்கொண்டு கையை மட்டும் உள்ளே விட்டுத் துழாவி, பாசிப்பயறு ஐஸ் கேட்டவருக்குப் பாசிப்பயறும் துரியான் கேட்டவருக்குத் துரியானும் எடுத்துவிடுவார். எடுத்த கையோடு இடுப்பால் ஓர் இடி. தொப்! கதவு மூடிக்கொள்ளும்.

"பாத்து எடுங்க பு, போன தடவை மாத்திக் குடுத்துட்டீங்க" என்று யாராவது வாய்விட்டால் தொலைந்தார்கள்.

"பாத்து எடுக்கணுமா? உள்ள என்ன சினிமாவா ஓடுது? குளிரு வெளிய போனா உங்க மாமியாரா பிடிச்சுட்டு வந்து தருவாங்க?"

இந்தோனேசியாவில், சுரபாயாவின் அந்தச் சந்தில் ஐஸ் வாங்குவதென்றால் திட்டும் சேர்த்துத்தான். வீட்டுக்கு வரும் மின்சாரமோ நூல் மாதிரி. இஸ்திரிப் பெட்டியையும் ஃப்ரிட்ஜையும் ஒன்றாகப் போட்டால் டக்கென்று வீடே அணைந்துவிடும். அதனால் ஃப்ரிட்ஜ் செருகியிருக்கும் பிளக்கை வேறு யாரும் தொடக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். ஃப்ரிட்ஜையும் அவரைத் தவிர யாரும் திறப்பதில்லை. கணவருக்குத் தண்ணீர்கூட அவர் எடுத்துக் கொடுத்தால்தான்.

கணவர் தர்முஜி சந்தையில் வண்டி நிறுத்துமிடத்தில் விசில் ஊதுகிறவர். விடியும்போது போனால் இருட்டித்தான் வருவார். ஃப்ரிட்ஜுக்கு நேர்மேலே கூண்டில் தொங்கும் சோலைபாடிக் குருவிதான் அவருடைய உயிர். பந்தயக் குருவிக்கு மற்ற பறவைகளின் பாட்டைப் பதிவுசெய்து நாள் முழுக்கப் போட்டுக் காட்டுவார்கள். கேட்டுக் கேட்டு அது அப்படியே பாடிவிடும். அதற்காக அந்தப் பிளக்கில் ஒரு பாட்டுப் பெட்டியைச் செருகிக்கொள்ளட்டுமா என்று தர்முஜி கெஞ்சிப் பார்த்தார்.

"மனுசனுக்கு வெறும் சோயா டெம்பே. குருவிக்குச் சில்வண்டு விருந்து. இதுல அதுக்குப் பாட்டுக் கச்சேரி வேறயா? இந்தப் பந்தயத்துல நடுவர் குத்துற கொடி ஒண்ணாவது வாங்கட்டும். வாங்கலேன்னா அன்னிக்குச் சாயங்காலமே வியாபாரி ருஸ்தம் வந்து தூக்கிட்டுப் போகட்டும்."

தர்முஜி தலையாட்டினார். சில நாளில் ஃப்ரிட்ஜ் பேச ஆரம்பித்தது. கதவைத் திறந்தால் 'டிங்!' என்று ஒரு மணி. 'சிலிலி, சிலிலி' என்று இரண்டு இழுப்பு. மூடினால் கப்சிப்.

முர்தினிக்குப் புரிந்துபோயிற்று. மணி மாட்டியிருக்கிறார்! எத்தனை தடவை திறக்கிறேன் என்று வேவு பார்க்கிறார்!

"எங்கிட்டயே பாராவா? பிளக்கு தர மாட்டேன்னதுக்குப் பழி வாங்கறாரு" என்று எதிர்வீட்டு பு ஸுலிகாவிடம் பொருமினார்.

"அவரையே கேட்டுடுங்களேன்."

"நான் எதுக்குக் கேக்கணும்? கேட்டா நான் பயந்துட்டேன்னு ஆயிடும்."

கேட்கவில்லை. அதற்குப் பதிலாகக் கதவை இன்னும் குறைவாகத் திறந்தார். டிங், சிலிலி, தொப். டிங், சிலிலி, தொப். நாளெல்லாம் இதே.

பந்தய ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பெட்டியோடு அவரும் மைதானத்துக்குப் போனார், வியாபாரத்துக்குத்தான். வேலிக்கு வெளியே உரிமையாளர்கள் தொண்டை கிழியத் தங்கள் கூண்டைக் காட்டிக் கத்தினார்கள். நடுவர்கள் கையில் கொடிகளோடு கூண்டு கூண்டாக நடந்தார்கள். தர்முஜியின் கூண்டுக்கு அடியில் வந்து நின்றார்கள். குருவி வாலை உயர்த்தியது. மார்பை விரித்தது.

"டிங்!" என்றது. "சிலிலி, சிலிலி." பிறகு, அச்சு அசலாக, "தொப்!"

வாயை மூடிக்கொண்டது. நடுவர் காத்திருந்தார். மறுபடியும் டிங், சிலிலி, தொப்.

வேலியோரம் சிரிப்பு வெடித்தது. "தர்முஜி, குருவிக்குக் கதவு வெச்சிருக்கியா? மூடுப்பா, கொசு வந்துடும்!" கொடி அடுத்த கூண்டுக்குப் போய்விட்டது.

தன் வீட்டுக் கதவின் சத்தம் முர்தினிக்குத் தெரியாதா? கையிலிருந்த ஐஸ் உருகி முழங்கை வரை வழிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டார். "என்ன பண்ணித் தொலைச்சீங்க என் ஃப்ரிட்ஜை?"

"நீ தொழுகைக் கூட்டத்துக்குப் போயிருந்தப்ப, உள்ள இருக்கிற விளக்கு வயர்ல பழைய போன் சார்ஜரை முடிச்சுப் போட்டு, பாட்டுப் பெட்டிய மேல காலண்டருக்குப் பின்னால வெச்சேன். அருமையாப் பாடிச்சு தினி. நாள் பூரா பாடுதுன்னுதான் நெனச்சேன்."

"கதவைத் தெறந்து வெச்சுக்கிட்டே பாத்தீங்களா?"

"ஆமா."

"மூடிப் பாத்தீங்களா?"

தர்முஜி விசில் கயிற்றைத் திருகினார்.

"மூடுனா விளக்கு அணையும், அந்த வயர்ல கரண்டும் நிக்கும்னு ஐஸ் சப்புற பொடிசுக்கும் தெரியுமே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிடும்? திருட்டுத்தனமா என் ஃப்ரிட்ஜோட வயித்தைக் கீறி… பாவி மனுசா, பெட்டி ஆன் ஆகுற டிங்கை நான் மணின்னுல்ல நெனச்சேன்!"

தர்முஜி கூண்டை இறக்கி, மேலே துணியைப் போர்த்தி, மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். சொன்ன வாக்கு. சற்று நேரத்தில் ருஸ்தமின் மோட்டார் சைக்கிள் சந்துமுனையில் உறுமியது.

"என்ன பு, குருவி ரெடியா?"

"இங்க யாரு குருவி விக்கறது?" என்று சீறினார் முர்தினி. "ஐஸ் வேணும்னா வாங்கு. சீக்கிரம் வாங்கு, உருகப்போகுது."

தர்முஜியின் மடியிலிருந்து கூண்டைப் பிடுங்கி, துணியை உருவி, பழைய கொக்கியிலேயே மாட்டினார். "இன்னும் எப்படிக் கெடுக்கணுமோ கெடுங்கடா என் பொழப்பை" என்று குருவியையும் சேர்த்து வைதுகொண்டே ஃப்ரிட்ஜ் கதவைச் சுவரில் மோதும்வரை திறந்தார். டிங், சிலிலி, சிலிலி. குருவி தலையைச் சாய்த்துக்கொண்டு தொப்புக்காகக் காத்திருந்தது. அவர் முக்காலியைக் காலால் இழுத்து, கதவுக்கு முட்டுக்கொடுத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.