திறக்கக் கூடாத பட்டறை

வேணியின் வேலையைப் பாடாலூர்ப் பக்கம் யாருக்கும் சுலபமாக விளக்கிவிட முடியாது. வெங்காயம் அழுகுகிறதா என்று பார்ப்பதற்குச் சம்பளம் என்றால் யார்தான் நம்புவார்கள்? ஆனாலும் வேலை அதுதான். கடல் தாண்டிய ஓர் அரசாங்கம், ஏழை நாடுகளின் வளர்ச்சிக்கென்று தன் பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சிப் பணம் கொடுத்தது. அதில் கொஞ்சம் திருச்சிப் பேராசிரியர் காசிநாதன் வழியாகப் பெரம்பலூர் மாவட்டத்துக்கு வந்து, வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் புது மாதிரிப் பட்டறைகளாக நின்றது. இரும்புச் சட்டம், கம்பி வலை, கூரையில் வெயிலில் ஓடும் விசிறி. மாசியில் வெங்காயத்தைக் கொட்டிப் பூட்டினால், வைகாசியில் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து எடை போடும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. நடுவில் அழுகலைப் பொறுக்கிவிட்டால் எத்தனை கெட்டது என்ற கணக்கே தெரியாமல் போய்விடும்.

வெங்காயக்காரர்களுக்கு இதைவிடக் கொடுமையான நிபந்தனை கிடையாது. போகும்போதும் வரும்போதும் பட்டறைக்குள் கைவிட்டு, நசுங்கியதை எடுத்து வீசினால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கும். கடைசி நேரத்தில் ஒருவர் பின்வாங்கிவிட, வேணி தன் அண்ணி மலர்கொடியிடம் போய் நின்றாள்.

"ஒரு ஆளு கொறஞ்சா என் வேலைக்கே ஆபத்து அண்ணி. நடுவுல தொறந்துட்டீங்கன்னாலும் அதே கதிதான்."

மலர்கொடி மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த நடவுக்கென்று வைத்திருந்த விதை வெங்காயம் முழுவதையும் கொண்டுவந்து கொட்டினாள். பாதியைப் பழைய பட்டறையில் வையுங்கள் என்று வேணி சொல்லியிருக்க வேண்டும். ஆள் சேர்ந்துவிட்ட சந்தோஷத்தில் சொல்லவில்லை.

பங்குனியில் காசிநாதன் போன் செய்தார். கொரோனாவில் அந்த அரசாங்கத்துக்கே கையைக் கடிக்கிறதாம். கத்தரிக்கோலை எடுத்ததும் முதலில் கண்ணில் பட்டது வெளிநாட்டு ஆராய்ச்சிப் பணம்.

"மேல எழுதிக் கேட்டிருக்கோம்மா. இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்லிராதீங்க. பட்டறைய தொறந்துட்டா நாம கேக்குறதுக்கு ஒண்ணுமே இருக்காது" என்றார்.

நல்ல மனிதர்தான். அவருடைய நம்பிக்கைக்கு மலர்கொடியின் விதை வெங்காயத்தை அடகு வைக்கலாமா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். வேணி கேட்கவில்லை. அந்த மாதத்தோடு அவளுக்குச் சம்பளமும் நின்றது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

சித்திரைக் கடைசியில் ஊரடங்கும் மழையும் சேர்ந்தே வந்தன. அரும்பாவூரில் புகுந்த வீட்டில் முடங்கிக் கிடந்தவளுக்கு வானத்தைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. வெயில் இல்லையென்றால் விசிறி ஓடாது. விசிறி ஓடாவிட்டால் புழுக்கம். ஆக்கி வைத்த சோறு ஆறிப்போகும். அவள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருப்பாள்.

"வெங்காயம் எப்படி இருக்கு அண்ணி?"

"நீ பூட்டின மாதிரியே இருக்கு புள்ள."

ஒவ்வொரு முறையும் அதே பதில். வாடை அடிக்கிறதா என்று கேட்க நாக்கு வரை வந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் வேறு பேச்சுக்குத் தாவினாள்.

வைகாசி பிறந்ததும் காசிநாதன் மறுபடி அழைத்தார். முடியாது என்று பதில் வந்துவிட்டது. வேணி உடனே வண்டியை எடுத்தாள். வழியில் மறித்த போலீஸ்காரர் அவளுடைய வெங்காய ஆராய்ச்சி அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெங்காயத்துக்கும் கொரோனாவாம்மா?"

சிரிக்க முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே வழிவிட்டார்.

தெருமுனையிலேயே வாடை அடித்தது. மலர்கொடி வாசலில் நின்றிருந்தாள்.

"யாரும் வரமாட்டாங்க அண்ணி. பணத்த நிறுத்திட்டாங்க. பட்டறைய தொறங்க."

"மழ விட்ட மறுநாளே வாட வந்துச்சு புள்ள. ஒங்க அண்ணன் சாவிய எடுத்துக்கிட்டுப் போனாரு. நாந்தான் புடுங்கி வச்சுக்கிட்டேன்." மலர்கொடி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "தொறந்தா ஒன் வேல போயிரும்னு சொன்னியே."



"அந்த வேல பங்குனிலயே போயிருச்சு அண்ணி."

மலர்கொடி முடிச்சிலிருந்து சாவியை எடுத்தாள். பிறகு பூட்டைத் திறந்தாள். மேல்வரிசை சிவப்பாக, கெட்டியாக இருந்தது. கீழே கைவிட்டபோது சொதசொதவென்று நீர் வழிந்தது. கொல்லைக்காட்டில் பாதி நடவுக்குத்தான் விதை தேறும் போலிருந்தது. ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கினார்கள். பழக்கதோஷத்தில் வேணி அழுகலைத் தனியாக ஒரு சாக்கில் போட்டுக்கொண்டே வந்தாள்.

"அத எதுக்குத் தனியா சேக்குற?"

"எட போடணும் அண்ணி."

"யாருக்கு?" என்றாள் மலர்கொடி.

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அதைத்தான் வேணியால் தாங்க முடியவில்லை. எழுந்து போய், சாக்கைக் குப்பைக்குழியில் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.