பேனாவால் போட்ட கோடு

அன்று கரிம வேதியியல் செய்முறைத் தேர்வு. ஏற்கெனவே ஒருமுறை நான் தவறிய தேர்வு. இந்த முறையும் போனால் பி.எட். இடம் கைவிட்டுப் போகும். மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து ஜீப்பிலும் பஸ்ஸிலும் இடிபட்டுப் படித்த மூன்று வருடமும் வீண்.

என்னிடம் கொடுத்தது நிறமில்லாத ஒரு கலவையும், சிலிக்கா பூசிய சின்ன வெள்ளைத் தகடு ஒன்றும். கலவையில் எத்தனை பொருள் என்று சொல்ல வேண்டும். தகட்டின் அடியில் கோடு போட்டு, அதன்மேல் கலவையைப் புள்ளியாக வைத்து, பீக்கரில் கொஞ்சமாக ஊற்றிய கரைப்பானில் நிறுத்தினால் கரைப்பான் மேலே ஏறும். சிலிக்காவை இறுகப் பிடித்துக்கொள்ளும் பொருள் கீழே தங்கும். பிடிப்பில்லாதது உயரே போகும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். போன முறை வந்தது வேறு சோதனை; இதைக் கையால் செய்ததில்லை, அவ்வளவுதான். வகுப்பில் நான்கு பேருக்கு ஒரு தகடு. கோடு போட்டது எப்போதும் வேறொருத்தி.

நான் பேனாவால் போட்டேன். பென்சில் பைக்குள்தான் இருந்தது.

சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தை அப்பா ஒருமுறை, தப்பு வந்தால் அழிக்கலாமே என்று பென்சிலில் நிரப்பிக் கொடுத்தார். அலுவலகத்தில் அதைப் படிக்கக்கூட இல்லை. மலையேறித் திரும்பி, மறுபடி இறங்க இரண்டு நாள் போனது.

"இனிமே இன்னா எழுதுனாலும் பேனாவுல எழுது. பென்சில்ல எழுதுனா நம்மள மதிக்க மாட்டானுங்க" என்றார். அது என் கையில் ஊறிவிட்டது.

தகட்டை நிறுத்திய சிறிது நேரத்தில் கோடே கிளம்பியது. மை கரைந்து, நீலமும் ஊதாவுமாகப் பிரிந்து மேலே ஏறியது. பென்சில் கரி கரைப்பானில் கரையாது என்பது அப்போதுதான் உறைத்தது. நிறமில்லாத புள்ளிகள் தெரியட்டும் என்று புற ஊதா விளக்கில் வைத்துப் பார்த்தேன். என் புள்ளிகள் மைக்குள் எங்கேயோ கிடந்தன.

"இன்னொரு தகடு குடுங்க சார்" என்றேன் தேர்வாளரிடம்.

"ஆளுக்கு ஒண்ணுதாம்மா. எத்தன பொருள்னு சொல்லு."

"மூணுங்க."

கலவையில் இருந்தது இரண்டுதான் என்று பிறகு தெரிந்தது. மையில் ஒன்றையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன்.

முடிவு வந்த அன்று வீட்டு வாசலில் அப்பா கேட்டார். "இன்னா ஆச்சு?"

"போச்சுப்பா. கேள்வி கஷ்டம்."

அவர் சொன்ன பேனாவால்தான் கோடு போட்டேன் என்று எப்படிச் சொல்வது? பி.எட். இடமும் போனது. எதன்மேலும் எனக்கு நம்பிக்கை இல்லாத ஒரு மத்தியானத்தில், மறுதேர்வு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.