சந்திரக் கப்பலின் கடைசி இரண்டு அத்தியாயங்கள்

காசு கொடுத்து வாங்கிய புத்தகம் வாயைத் திறக்க மறுத்த அன்றுதான் எனக்குப் பதிப்புரிமை என்ற சொல்லின் மேல் முதல் முதலாகக் கோபம் வந்தது.

புத்தகம் எனக்கில்லை, என் அண்ணனுக்கு. பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சர்க்கரை கண்ணில் இறங்கி, ஒரு கண்ணும் பிறகு மற்றதும் போனபின் வேலையை விட்டுவிட்டு பினாங்கில், ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் அடுக்குமாடி வீட்டுக்கே வந்துவிட்டார். கண் போனதற்குக்கூட அவர் அவ்வளவாகப் புலம்பவில்லை. படிக்க முடியாமல் போனதற்குத்தான் புலம்பினார். பள்ளிக்கூட நாளிலிருந்து அவருக்கு ஒரே பைத்தியம், ராக்கெட் கதைகள். செவ்வாயில் இறங்குகிறவன், காலத்தில் பின்னோக்கிப் போகிறவன், யோசிக்கத் தெரிந்த இயந்திரம் என்று பழைய புத்தகக் கடைகளில் கிடைத்த ஆங்கில நாவல்களை எல்லாம் வாங்கிக் குவித்தவர். அவருடைய ஆங்கிலமே அங்கிருந்து வந்ததுதான். அதனால் சாதாரண விஷயத்துக்குக்கூடக் கப்பல் தலைவன் கட்டளையிடுவது போலப் பேசுவார்.

கைப்பேசி எழுத்தை வாசித்துச் சொல்லும் என்று தெரிந்ததும் மனிதருக்கு உயிர் வந்தது. அந்தக் குரலுக்கு 'மேடம்' என்று பேர் வைத்தார். மிகப் பழைய அறிவியல் கதைகளை யார் யாரோ புண்ணியவான்கள் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தார்கள். மேடம் காலையில் ஆரம்பித்தால் நான் மருந்துக்கடை வேலை முடிந்து வரும்வரை வாசித்துக்கொண்டே இருப்பார். அதற்குப் பிறகு வந்த காலத்துப் புத்தகங்களைத் தேடியபோதுதான் தொல்லை. ஒன்றைத் திறந்தால், இது உங்கள் நாட்டில் கிடைக்காது என்று வரும். சரி, விலைக்கே வாங்குவோம் என்று வாங்கினால், அதைக் குரலில் வாசிக்கப் பதிப்பாளர் அனுமதிக்கவில்லை என்று மேடம் வாயை மூடிக்கொள்வார்.

"கண்ணு தெரியாதவன் புக்க வாங்கி என்னா லா செய்வான்? தலைக்கு வெச்சுப் படுப்பானா?" என்று அண்ணன் கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதியவருக்குப் பங்கு போக வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பங்கையும் வாங்கிக்கொண்டு கதவையும் சாத்துவது என்ன நியாயம் என்று அந்தப் பதிப்பகத்துக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நீளமாக எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

அந்த ஆத்திரத்தில்தான் பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக ஏற்றும் ஒரு குழுவில் சேர்ந்தேன். சென்னையில் சிலர், கனடாவில் சிலர், இங்கே நான். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், கிடைத்த நேரத்தில் செய்கிறவர்கள். என்ன புத்தகம் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார்கள். நான் அண்ணனிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"சந்திரக் கப்பலு" என்றார்.

அது புத்தகத்தின் பேர் இல்லை, அவர் வைத்த பேர். அவருடைய பிரதிக்கு அட்டையும் இல்லை, கடைசி இரண்டு அத்தியாயமும் இல்லை. பதினைந்து பதினாறு வயதில் பழைய புத்தகக் கடையில் அப்படியேதான் வாங்கியிருக்கிறார். பினாங்கிலேயே அச்சான தமிழ் நாவல். வெல்ட் கீ படகுத்துறை சந்திரனுக்குச் சரக்கு ஏற்றும் துறைமுகமாகிவிட்ட ஒரு காலம். மூட்டை ஏற்றுகிற தமிழர்களில் ஒருவன், சரக்கறைக்குள் இருப்பது தெரியாமல் மூடப்பட்டு, கப்பலோடு மேலே போய்விடுகிறான். அவனைக் கொண்டுவந்து சேர்க்கும்வரை அடுத்த கப்பலுக்கு ஒரு மூட்டைகூட ஏற்ற மாட்டோம் என்று கூட்டாளிகள் கையைக் கட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதோடு தாள் தீர்ந்துவிடுகிறது.

அவன் திரும்பி வந்தானா? இந்தக் கேள்வியோடு என் அண்ணன் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் செய்து, மனைவியை இழந்து, கண்ணையும் இழந்திருக்கிறார். கிரேன் கூண்டில் உட்கார்ந்து கொள்கலனைத் தூக்கும்போதெல்லாம் உள்ளே எவனாவது இருப்பானோ என்று தோன்றும் என்பார். முழுப் புத்தகத்தையும் யாரிடமும் பார்த்ததில்லை.

நான் தட்டச்சு செய்யச் செய்ய மேடம் அவருக்கு வாசித்தார். கடைசி இரண்டு அத்தியாயத்துக்காக நான் தேடாத இடமில்லை. ஒரு வழியாக, பக்கங்களின் மேல் ஓரத்தில் அச்சாகியிருந்த தலைப்பை வைத்துத் தேடியதில், ஒரு நூலகத்தின் பூட்டிய அறையில் முழுப் பிரதி ஒன்று இருப்பது தெரிந்தது. போனேன். தொட்டால் உதிரும் நிலையில் இருப்பதால் வாசகர் கையில் தரமாட்டார்களாம். அவர்களே படம் எடுத்துத் தருவார்கள். அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் எழுதியவர் இறந்து ஐம்பது ஆண்டு கடந்துவிட்டதற்கு ஆதாரம் வேண்டும்.

"ரூல் அப்படி லா அக்கா. நான் என்னா செய்ய?" என்றார் அங்கிருந்த அதிகாரி. எங்கள் ஊர்த் தமிழ் முஸ்லிம் பிள்ளை, நல்ல மாதிரி. அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை.

ஆக, எழுதியவர் எப்போது செத்தார் என்று தேட ஆரம்பித்தேன். ஒரு மனிதர் செத்திருக்க வேண்டும், அதுவும் சீக்கிரமாகச் செத்திருக்க வேண்டும் என்று நல்ல மனதோடு ஆசைப்படுகிற வேலை உலகத்தில் இது ஒன்றுதான்.

நூலகப் பட்டியலில் இருந்தது ஒரு பெண்ணின் பேர். குழுவில் கேட்டதுமே சென்னைக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார், அது பெண்ணாக இருக்காது, அந்தக் காலத்தில் எத்தனை ஆண்கள் மனைவி பேரில் எழுதினார்கள், அதிலும் ராக்கெட், துறைமுகம், வேலைநிறுத்தம் எல்லாம் வருகிறது என்று. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பழைய நாளிதழ்களைப் புரட்டியதில், துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரரின் மரணச் செய்தி கிடைத்தது. மனைவி பேர் அச்சு அசலாக அதே பேர். அவர் இறந்து ஐம்பது ஆண்டைத் தாண்டியிருந்தது. நான் துள்ளிக் குதித்தேன். இந்தியக் கணக்கு அறுபது ஆண்டல்லவா என்று ஒருவர் இழுத்தார். புத்தகம் இந்த ஊரில் அச்சானது, எழுதியவர் இந்த ஊர்க்காரர் என்று அவர் வாயை அடைத்தேன். இருந்த அத்தியாயங்களை இணையத்தில் ஏற்றினோம். முதல் பக்கத்தில் ஆசிரியர் பேர், இது கணவர் மனைவி பேரில் எழுதியது என்று ஒரு குறிப்பு, இறந்த ஆண்டு. பிழை இருந்தால் தெரிவிக்கவும் என்று என் கைப்பேசி எண். நூலகத்துக்கும் ஆதாரத்தைக் கொடுத்தேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார் அதிகாரி.

இரண்டு வாரம் போயிருக்கும். மருந்துக்கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"பிழை இருந்தால் சொல்லச் சொல்லிப் போட்டிருக்கு."

"ஆமாம்மா, சொல்லுங்க. எந்தப் பக்கத்துல?"

"முதல் பக்கத்திலை. நான் செத்துப் போனன் எண்டு கிடக்கு."

கையில் இருந்த இருமல் மருந்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"நான் கெலுகோரிலைதான் இருக்கிறன், பிள்ளை. நேரம் இருந்தால் வந்து பாரும். கெதியா வாரும், பிறகு நீர் போட்டது சரியாய்ப் போயிடும்."

அன்று மாலை அண்ணனிடம் சொன்னபோது அவர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அந்தம்மா எடுத்துருன்னு சொல்லிட்டா?" என்றார். எனக்கும் அதே பயம்தான். உயிரோடு இருக்கிறவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தளத்திலிருந்து எல்லாவற்றையும் இறக்க வேண்டும். நூலகக் கதவும் மூடிவிடும். கதையில் மேலே போனவன் போனவனாகவே இருப்பான்.

கெலுகோரில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் இருந்தார். எண்பதைத் தாண்டிய வயது, வெள்ளைத் தலை, கண்ணில் மட்டும் கொஞ்சமும் மூப்பில்லை. ஒரு காலத்தில் பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்தவர். நான் உட்கார்ந்ததும் மன்னிப்புக் கேட்டேன். கேட்காமலே இலவசமாகப் போட்டுவிட்டோம் என்றேன். அவர் கையை அசைத்து அதை ஒதுக்கினார்.

"இலவசமாப் போட்டதிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்தப் புத்தகத்தை என்ரை புருசன்ரை தலையிலை ஏன் கட்டினனீர்? அவர் நல்ல மனுசன். ஆனால் சந்திரன் பூமியைச் சுத்துதோ, பூமி சந்திரனைச் சுத்துதோ எண்டு கேட்டாலே யோசிப்பார்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

"அப்பவும் இதைத்தான் சொன்னவை. பொம்பிளை இப்பிடி எழுதாள், மனுசன்தான் எழுதி இவளின்ரை பேரைப் போட்டிருக்கிறார் எண்டு. இல்லை எண்டு சொல்லிச் சொல்லி அவருக்கே களைச்சுப் போச்சு. அவர் செத்த பிறகு நான் அடுத்த கதையோடை அச்சகத்துக்குப் போனன். ஐயா எழுதி வைச்சிட்டுப் போனது மிச்சம் ஏதும் இருந்தால் தாங்கோ, போடுறம் எண்டாங்கள். நான் அதைத் திருப்பிக் கொண்டு வந்திட்டன். பிறகு எழுதேல்லை."

என் பக்கம் விரலை நீட்டினார்.

"அவங்கள் ஆம்பிளையள். நீர் பொம்பிளை."

சென்னைக்காரர் சொன்னார், எனக்கும் சரியென்று பட்டது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. துறைமுகத்தைப் பற்றி எழுத அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். தினம் பள்ளி விட்டதும் கணவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஏற்றி இறக்குவதைப் பார்த்தபடி நிற்பாராம். பேச்சை மாற்ற அண்ணனைப் பற்றிச் சொன்னேன். பாதியில் நின்ற கதை, போன கண், கொள்கலனுக்குள் எவனாவது இருப்பானோ என்ற பயம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் இளகிப் போயிற்று.

"இவ்வளவு காலமா அந்த மனுசன் காத்துக்கொண்டிருக்கிறாரோ?" என்றார். பிறகு, பதிப்புரிமைச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டார். சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "நான் போய் அதுக்குப் பிறகு ஐம்பது வருசமோ? அப்ப உம்மடை அண்ணன் எங்கை, நான் எங்கை. தாரும் கடதாசியை, அனுமதி எழுதித் தாறன். ஆர் வேணுமெண்டாலும் வாசிக்கட்டும், கேக்கட்டும், இலவசமா."

அவரிடம் சொந்தப் பிரதிகூட இல்லை. வீடு மாறியபோது போய்விட்டதாம். அதனால் அடுத்த வாரம் நூலகத்துக்கு அவரும் வந்தார். அதிகாரி கணினியில் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"அக்கா, எங்க ரெக்கார்ட்ல ஆசிரியர் இறந்துட்டாருன்னு இருக்கே. நீங்க குடுத்ததுதான். மேலிடமும் ஓகே சொல்லிட்டாங்க, இன்னிக்கு உங்களுக்கு ஃபோன் பண்ணலாம்னு இருந்தேன்."

கிழவி அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "தம்பி, செத்த மாதிரித் தாறியளோ, உயிரோடை இருக்கிற மாதிரித் தாறியளோ? எப்பிடித் தந்தாலும் எனக்குச் சரி. ஆனால் என்ரை பேரிலை தரோணும்."

அந்தப் பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். இறந்த ஆண்டை நீக்கி, கணவர் எழுதியது என்ற குறிப்பையும் நீக்கி, எங்கள் கண் முன்னாலேயே பதிவைத் திருத்தினார். பிறகுதான் படங்களைக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எழுதியவரையே என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். நான் தட்டச்சு செய்து முடிக்கும்வரை பொறுக்க அண்ணன் தயாராக இல்லை. மேடம் வேண்டாம், நானே வாசிக்கிறன் என்றார் கிழவி. எழுத்தைப் பெரிதாக்கிக் கணினியை முன்னால் வைத்தேன். அண்ணன் சட்டையை மாற்றி, தலை வாரி, நேராக உட்கார்ந்திருந்தார்.

கப்பல் திரும்பி வந்தது. கூட்டாளிகள் எழுந்து ஓடினார்கள். சரக்கறையின் மூடி இறுகிப்போய்த் திறக்கவில்லை. அதைத் தூக்கக் கிரேன் நகர்ந்து வந்தது. கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தது மேலே போனவனின் மனைவி. புருஷன் வரும்வரை அழுதுகொண்டிருக்காமல், அவள் கிரேன் ஓட்டப் பழகியிருந்தாள். அவள்தான் மூடியைத் தூக்கினாள். அவன் வெளிச்சத்துக்குக் கண் கூசியபடி ஏறி வந்தான்.

"ஐயோ, அந்தக் காலத்துலயே பொம்பளைய கிரேன்ல ஏத்திட்டீங்களேம்மா!" அண்ணன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். கன்னமெல்லாம் ஈரம்.

"இதையும் வாசிச்சுப் போட்டுத்தான் என்ரை மனுசன் எழுதினது எண்டவை" என்றார் அவர். மூவருமே சிரித்தோம். நான் சிரித்தபடியே அழுதும்விட்டேன். அதை மறைக்கவில்லை.

வாசித்து முடித்துத் தேநீர் குடிக்கும்போது அண்ணன் சும்மா இருக்கவில்லை. "சரி, அவன் வந்துட்டான். அவ கிரேன்ல இருக்கா. அப்புறம் என்னா ஆச்சு?" என்றார்.

"அப்புறம் கதை முடிஞ்சுதுண்ணே" என்றேன் நான்.

கிழவி கோப்பையைக் கீழே வைத்தார். "முடியேல்லை" என்றார். "நான் அச்சகத்திலை குடுக்காமல் திருப்பிக் கொண்டு வந்தது அதுதானே. அடுத்த கப்பலிலை போறது அவள். எழுதின கடதாசி எல்லாம் தொலைஞ்சு போச்சு, கதை போகேல்லை." என் பக்கம் திரும்பினார். "நான் சொல்லச் சொல்ல நீர் தட்டுவீரோ?"

கணினியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் தொண்டையைச் செருமினார். முதலில் பேரைப் போடும் என்றார். அவர் பேரைப் போட்டேன்.